துவைத்த பிறகு பேசுவோம்

"போன்ல பார்த்துட்டுக் கடைக்குப் போ" என்பது இப்போது வீட்டுக்கு வீடு கிடைக்கும் இலவசப் புத்திமதி. ஒரு சுடிதார் வாங்க வேண்டுமா, நாலு ஆப்பில் தேடு. விலையை ஒப்பிடு. எத்தனை ஸ்டார் என்று பார். ஆறு மாதமாக விலை எப்படி ஏறி இறங்கியது என்று காட்டவும் கருவி வந்துவிட்டது, அதையும் தட்டிப் பார். அப்புறம் உன்னை எந்தக் கடைக்காரனும் ஏமாற்ற முடியாது. நாளிதழ் இணைப்பில், யூடியூபில், ஆபீஸ் சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் இதே பேச்சு. இப்படி வாங்குகிறவர் விவரமானவர்; வடசென்னைத் துணிக்கடைத் தெருவான எம்.சி. ரோட்டில் வியர்த்து நின்று பேரம் பேசுகிறவர் ஏமாளி. ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து நடந்தே போய்விடலாம், அந்த எம்.சி. ரோட்டுக்கு. தலைமுறை தலைமுறையாக அங்கே துணி எடுத்த பெண்களிடம் அவர்கள் பெற்ற பிள்ளைகளே கேட்கிறார்கள்: "இன்னும் அங்கயே போய் வாங்கினு கீறியேம்மா, போன்ல பாதி வெல."

இந்தப் பேச்சு தவறு என்பது என் கட்சி. ஆப்புக்கு விலை தெரியும், அதை மறுக்கவில்லை. துணி தெரியாது. நாம் உடுத்துவது துணியை.

இந்த ஒப்பீடு எங்கே பலிக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று லிட்டர் குக்கர் வாங்குகிறீர்கள். கம்பெனி பெயர், மாடல் எண், கொள்ளளவு எல்லாம் பெட்டியிலேயே அச்சாகியிருக்கும். அதே எண் போட்ட குக்கரை அண்ணா நகரில் வாங்கினாலும் ஆப்பில் வாங்கினாலும் அதே குக்கர்தான். புத்தகமும் அப்படி, செல்போனும் அப்படி. பொருள் ஒன்று, விலை மட்டும் பல என்னும்போது விலைப்பட்டியல் பெரிய உதவி. கீப்பா, பைஹட்கே மாதிரி விலை வரலாறு காட்டும் கருவிகள் அந்த இடத்தில் நன்றாகவே உழைக்கின்றன. ஜார்ஜ் ஸ்டிக்லர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1961இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரமும் ஏறத்தாழ இதுதான். தேடுவதற்கு ஆகும் செலவு குறையக் குறைய, ஒரே பொருள் இடத்துக்கு இடம் வேறு விலைக்கு விற்பதும் குறையும். அந்த வாதம் நிற்பதே பொருள் ஒன்றுதான் என்ற அனுமானத்தின் மேல்.

துணியில் அந்த அனுமானம் நிற்காது. கறுப்பில் வெள்ளைப் பூப்போட்ட ரேயான் குர்தி என்று தேடிப் பாருங்கள். ஒரே பெண், ஒரே நிற்பு, பின்னால் ஒரே சுவர். அந்தப் படத்துக்குக் கீழே பல விற்பனையாளர்கள், பல பெயர்கள், பல விலைகள். படம் ஒன்று சரி, துணி ஒன்றா? பக்கத்தைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. ஒரு டிசைன் ஓடுகிறது என்று தெரிந்தால் அதையே மெலிந்த துணியில் அச்சடித்து ஐம்பது ரூபாய் குறைத்துப் போட நாளாகாது. 'விலை குறைவிலிருந்து அதிகம்' என்று நீங்கள் வரிசைப்படுத்தியதும் அந்த மெலிந்த துணிதான் முதலில் வந்து நிற்கும். நல்ல நூல் போட்டு நெய்தவருடைய சரக்கு நாலாவது பக்கத்துக்குப் போய்விடும். நாலாவது பக்கம் வரைக்கும் யார் போகிறார்கள்? விலை தெரிந்து தரம் தெரியாத சந்தையில் மட்டச் சரக்கு நல்ல சரக்கை விரட்டிவிடும் என்று 1970இல் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் பழைய கார் வியாபாரத்தை வைத்து விளக்கினார். பின்னாளில் நோபல் பரிசும் வாங்கினார். பாதி விலைக்கு வாங்கிவிட்டோம் என்று நாம் மகிழும் ஒவ்வொரு முறையும் அந்த விரட்டலுக்கு ஒரு கை கொடுக்கிறோம்.

ஒரு பட்டியலைத் திறந்து நிதானமாகப் படியுங்கள். ஃபேப்ரிக்: காட்டன் பிளெண்ட். ஸ்லீவ்: முக்கால் கை. பேட்டர்ன்: பிரின்டட். அக்கேஷன்: கேஷுவல். நெட் குவான்டிட்டி: 1. கன்ட்ரி ஆஃப் ஆரிஜின்: இந்தியா. முக்கால் கை என்பது படத்திலேயே தெரிகிறது, பூப்போட்டிருப்பதும் தெரிகிறது. தெரியாத ஒன்று 'காட்டன் பிளெண்ட்'. நூற்றுக்கு எண்பது பருத்தியா, இருபது பருத்தியா? சொல்லவில்லை. எத்தனையாம் நம்பர் நூல்? வேட்டி எடுக்கிற பெரியவர்கூட அறுபதாம் நம்பரா, நூறாம் நம்பரா என்று கேட்டு வாங்கிய ஊர் இது. சதுர மீட்டருக்கு எத்தனை கிராம், துவைத்தால் எவ்வளவு சுருங்கும், சாயம் நிற்குமா? ஒன்றும் இல்லை. கண்ணுக்குத் தெரிவதை எல்லாம் எழுத்தில் திருப்பிச் சொல்லிவிட்டு, தெரியாததை விட்டுவிடுகிறது இந்தத் தகவல் களஞ்சியம். அந்தக் கட்டங்களை நிரப்புகிறவர் விற்கிறவரே என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ரிவ்யூ இருக்கிறதே, ஆயிரம் பேர் வாங்கிவிட்டு எழுதுகிறார்களே என்பார்கள். எனக்கு இதில்தான் கோபமே வருகிறது. பார்சல் வந்த அன்றோ மறுநாளோ 'உங்கள் கருத்து என்ன?' என்று செய்தி வரும். கவரைப் பிரித்த கையோடு நாலு ஸ்டார், ஐந்து ஸ்டார். "கலர் சூப்பர்", "சீக்கிரம் வந்துவிட்டது", "போட்டோவில் இருப்பது போலவே உள்ளது". அவ்வளவும் உண்மைதான். ஆனால் துணியின் குணம் தெரிவது மூன்றாவது துவைப்பில். அதைத் துவைத்துவிட்டால் திருப்பி எடுக்க மாட்டார்கள். டேக் கிழியக் கூடாது, உடுத்தியிருக்கக் கூடாது, துவைத்திருக்கவே கூடாது. திருப்பி அனுப்பும் அவகாசமும் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தோடு சரி. துவைத்த பிறகு என்ன ஆயிற்று என்ற ஒரே உருப்படியான செய்தி அந்தக் களஞ்சியத்துக்குள் நுழைய வழியே வைக்கவில்லை. வாங்கிப் பயன்படுத்திய பின்புதான் தரம் தெரியும் பொருள்களை, பார்த்ததுமே தெரிந்துவிடும் பொருள்களிலிருந்து பிரித்து வைக்க வேண்டும் என்று பொருளாதார அறிஞர் ஃபிலிப் நெல்சன் 1970இலேயே எழுதினார். நாம் துணியைக் குக்கர் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, விவரமாக வாங்குகிறோம் என்று மார்தட்டிக்கொள்கிறோம்.

இதை இந்த வட்டாரத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டியிருப்பதுதான் வேடிக்கை. பக்கத்திலிருக்கும் வண்ணாரப்பேட்டை, கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிய துணியைத் துவைத்து வெளுத்தவர்கள் குடியேறிய இடம். இன்று மெட்ரோ நிற்கும் காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர். கம்பெனிக்காரன் துணியை வர்ணனை கேட்டு வாங்கவில்லை. மாதிரித் துணி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, வந்து இறங்கும் ஒவ்வொரு கட்டையும் அதோடு ஒத்துப் பார்த்து, தரம் பிரித்து, தேறாததைத் தள்ளினான். நெசவாளரை நசுக்கியவன்தான், அவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் துணியைத் தொடாமல் காசு கொடுக்கக் கூடாது என்பது முன்னூறு வருஷத்துக்கு முன்பே அவனுக்குத் தெரிந்திருந்தது.

தொடாமல் வாங்கினால், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மூர்ச் சரக்கே சாட்சி. 1958இல் நியூயார்க் இறக்குமதியாளர் வில்லியம் ஜேக்கப்சன், சி.பி. கிருஷ்ணன் நாயரிடமிருந்து மெட்ராஸ் கட்டம்போட்ட கைத்தறித் துணியை வாங்கி, புரூக்ஸ் பிரதர்ஸ் என்ற பெரிய ஆயத்த ஆடை நிறுவனத்துக்குக் கொடுத்தார். இந்தச் சாயம் ஓடும், குளிர்ந்த தண்ணீரில் மெதுவாகத்தான் அலச வேண்டும் என்று கிருஷ்ணன் நாயர் சொல்லி அனுப்பியதாகவும், அந்தச் செய்தி கடைக்கும் போகவில்லை, வாடிக்கையாளருக்கும் போகவில்லை என்பதாகவும் கதை. அமெரிக்க வாஷிங் மெஷினில் எல்லாச் சட்டையும் சாயம் கக்கியது. வழக்கு வரைக்கும் போயிருக்க வேண்டிய விவகாரம். விளம்பரக்காரர்கள் புகுந்து, சாயம் ஓடுவதுதான் இதன் மகிமை, ஒவ்வொரு துவைப்புக்கும் ஒரு புது நிறம் என்று பேசி அதையே மோஸ்தராக்கிவிட்டார்கள். கிருஷ்ணன் நாயர் பின்னாளில் லீலா ஓட்டல்களைக் கட்டினார். பாங்கான கதைதான். கல்மண்டபத்தில் ஒரு பக்கெட் தண்ணீரில் வெள்ளைச் சட்டையோடு சேர்த்து ஊறவைத்த ஆன்லைன் குர்தி சாயம் விட்டால் மட்டும், அதை மோஸ்தர் என்று சொல்ல எந்த விளம்பரக்காரரும் வருவதில்லை.

அடுத்து, தள்ளுபடி. ரூ.1,999 என்று போட்டு அதன்மேல் ஒரு கோடு, பக்கத்தில் ரூ.399, எண்பது சதவீதம் தள்ளுபடி என்று பச்சை எழுத்து. விலையை ஒப்பிடத் தெரிந்தவரைத்தான் இது நன்றாக வீழ்த்தும், ஒப்பிட ஒரு எண்ணைக் கையில் கொடுத்துவிடுகிறதே. பொட்டலத்தில் அதிகபட்ச விலை அச்சிட வேண்டும் என்ற விதி 1990இல் வந்தது, கடைக்காரர் அதற்கு மேல் வாங்கக் கூடாது என்பதற்காக. அந்த எண் இவ்வளவுதான் இருக்கலாம் என்று விதி சொல்லவில்லை. பேர் தெரியாத குர்திக்கு யார் வேண்டுமானாலும் இரண்டாயிரம் என்று அச்சடிக்கலாம். மேலே ஏறாமல் தடுக்க வைத்த கூரையைக் கீழே குதித்துக் காட்டும் மேடையாக்கிவிட்டார்கள். விலை வரலாற்றுக் கருவி இதைப் பிடித்துவிடும் என்பார்கள். ஒரே பக்கம் வருஷக்கணக்கில் இருந்தால் பிடிக்கும். பெயரை மாற்றிப் புதுப் பக்கம் திறந்தால் அந்தக் குர்திக்கு வரலாறே கிடையாது, இன்றுதான் பிறந்தது.

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. நான் கேட்கும் விவரங்கள் எல்லாம் இல்லாதவை அல்ல. திருப்பூரிலிருந்து ஐரோப்பாவுக்கு ஒரு டி-ஷர்ட் போக வேண்டுமானால் ஜி.எஸ்.எம். (அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) எவ்வளவு, துவைத்தால் எத்தனை சதவீதம் சுருங்கும், சாயம் துவைப்புக்கு நிற்கிறதா, உராய்வுக்கு நிற்கிறதா, வியர்வைக்கு நிற்கிறதா என்று சோதித்துச் சான்று கேட்பார்கள். சாய உறுதிக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண்ணே இருக்கிறது. நம் ஐந்து ஸ்டார் மாதிரி வாய்க்கு வந்ததல்ல, சாம்பல் நிற அளவுகோலை வைத்துக் கண்ணால் ஒத்துப் பார்த்துப் போடுவது. அதற்கான சோதனைக்கூடங்கள் திருப்பூரிலேயே இருக்கின்றன. கோவையில் 1956 முதல் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. வெளிநாட்டுக்காரருக்குக் கொடுக்கும் அந்தத் தாளைத்தான் நமக்கு 'காட்டன் பிளெண்ட்' என்ற இரண்டு வார்த்தையாகச் சுருக்குகிறார்கள். நாம் கேட்கவில்லை என்பதுதான் காரணம். கேட்கத் தோன்றாமல் நம்மை விலை பார்ப்பதிலேயே மும்முரமாக வைத்திருப்பதுதான் இந்த ஒப்பீட்டுக் கலாசாரம் செய்யும் வேலை.

இனி எம்.சி. ரோட்டுக்கு வருவோம். அங்கே எல்லாரும் அரிச்சந்திரன் என்று நான் சத்தியம் செய்யப் போவதில்லை. "பியூர் காட்டன்க்கா" என்று பாலியஸ்டரைத் தலையில் கட்டுகிற வாயும் அங்கே உண்டு. வித்தியாசம் என்னவென்றால், அந்தப் பொய்யை அதே இடத்தில் சோதித்துப் பார்க்கலாம். தெரிந்த பெண் ஒருத்தி துணி பார்ப்பதைக் கவனியுங்கள். முதலில் விலையைக் கேட்கவே மாட்டாள். துணியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து இழை நெருக்கம் பார்ப்பாள். குறுக்கே இழுத்து விடுவாள், இழை விலகுகிறதா என்று. கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து ஓரத்தில் தேய்ப்பாள். தைத்த உடை என்றால் உள்பக்கத்தைத் திருப்பி, பிரித்துப் பெரிதாக்க எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று விரலால் அளப்பாள். சந்தேகம் தீரவில்லையா, கரையிலிருந்து ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டச் சொல்வாள். பருத்தியானால் காகிதம் எரிகிற வாடை வந்து சாம்பலாக உதிரும். பாலியஸ்டரானால் சுருண்டு, உருகி, கறுத்த மணியாகக் கெட்டிப்படும். விலைப் பேச்சு இதற்கெல்லாம் பிறகுதான். அவளை ஏமாளி என்று சொல்ல எந்த ஆப்புக்கும் யோக்கியதை இல்லை.

இது வெறும் ரசனை விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சங்கதி. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பட்டறையிலும் துறைமுகத்திலும் வெல்டிங் வேலைக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர். பொறி பட்டால் பருத்திச் சட்டையில் பெரும்பாலும் ஓட்டை விழுவதோடு சரி. பாலியஸ்டர் சுமார் 250 டிகிரியில் உருகி, தோலோடு ஒட்டிக்கொள்ளும். 'காட்டன்' என்று வடிகட்டித் தேடினால் 'காட்டன் பிளெண்டும்' கூடவே வந்து வரிசையில் நிற்கும். அதில்தான் ஐம்பது ரூபாய் குறைவாகவும் இருக்கும். வேலைக்குப் போகும் மகனுக்கு அம்மா ஸ்டார் பார்த்து அதை ஆர்டர் போடுகிறாள். அந்தக் கலப்பு எவ்வளவு என்பது அவன் முழங்கையில் தெரியும்.

எதிர்த்தரப்புக்கும் வலுவான நியாயம் ஒன்று இருக்கிறது, அதை விழுங்கிவிட்டுப் போக மாட்டேன். கடைக்குப் போனால் ஆளைப் பார்த்து மதிப்பார்கள். பெரிய ஷோரூமில் செருப்பைப் பார்த்துவிட்டுத்தான் சேலையைப் பிரிப்பார்கள். உடம்பு பெருத்த பெண்ணிடம் "உங்க சைஸ் இல்லமா" என்று மூன்று பேர் காதில் விழச் சொல்வார்கள். நைட் ஷிப்ட் முடித்து வருகிறவளுக்குக் கடைத்தெரு சுற்ற நேரம் ஏது? ஆப் அவளை முகம் சுளித்துப் பார்ப்பதில்லை. இது பெரிய விஷயம், நான் மறுக்கவில்லை. ஆனால் மரியாதை கிடைத்தது என்பதற்காகத் துணி நன்றாகிவிடாது. அளவு விஷயத்திலோ ஆப் அவளைக் கைவிட்டே விடுகிறது. ஒரு கம்பெனியின் எக்ஸ்.எல். இன்னொரு கம்பெனியின் எம். இந்திய உடம்புக்கென்று ஒரு பொது அளவு அட்டவணையே இல்லாதிருந்ததால்தான் நிஃப்ட் என்ற ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனம் 25,000 பேரை அளக்கும் 'இந்தியா சைஸ்' திட்டத்தை 2018இல் அறிவித்தது. இரண்டு சைஸ் வரவழைத்து ஒன்றைத் திருப்பி அனுப்புவதை விவரம் என்கிறோம். அதற்காகும் வண்டிக்கூலி நாம் வைத்துக்கொள்ளும் குர்தியின் விலைக்குள் ஒளிந்திருக்கிறது. கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் பிரித்துக்கொள்ளலாம் என்று கல்மண்டபத்துத் தையல்காரரிடம் எடுத்துப் போனால், அவர் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொல்வார்: "அக்கா, இத்த இன்னாத்த பிரிக்கறது? ஓவர்லாக் அடிச்சு ஒட்ட வெட்டிட்டான். விரக்கடை துணிகூட வுடல." படத்தில் உள்பக்கம் தெரியாது. அதனால்தான் அங்கே மிச்சம் பிடிக்கிறார்கள்.

அப்படியானால் இந்தத் தகவல் தளங்களை மூடிவிடலாமா? அது என் கோரிக்கை இல்லை. நம்பத்தகுந்த தகவல் துணிக்கும் உண்டு. அதை விற்கிறவர் எழுதுவதில்லை என்பதே அதன் இலக்கணம். பட்டு அசலா என்பதற்கு மத்திய பட்டு வாரியத்தின் சில்க் மார்க் 2004 முதல் இருக்கிறது. கைத்தறி என்று சொல்லி விசைத்தறித் துணி விற்பதைப் பயன்படுத்திப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. அதற்குக் கைத்தறி முத்திரை இருக்கிறது. இந்திய கைத்தறி பிராண்டை 2015 ஆகஸ்ட் 7ஆம் தேதி இதே சென்னையில்தான் பிரதமர் தொடங்கிவைத்தார். மூன்றாவது ஆள் சோதித்துச் சொல்வது தகவல், தன் சரக்கைப் பற்றித் தானே சொல்வது விளம்பரம். இரண்டையும் ஒரே எழுத்தில், ஒரே கட்டத்தில் போட்டுக் காட்டுவதைத்தான் நான் மறுக்கிறேன்.

சட்டமும் கொஞ்ச தூரம் வந்திருக்கிறது. 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள், விற்கிறவரே வாடிக்கையாளர் வேஷம் போட்டு ரிவ்யூ எழுதக் கூடாது என்கின்றன. எதை வைத்து ஒரு பொருளை முன்னால் காட்டுகிறோம் என்பதை விளக்க வேண்டும் என்கின்றன. 2022 நவம்பரில் ரிவ்யூக்களுக்கென்றே ஐ.எஸ். 19000 என்ற தரநிலை வந்தது, விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவில். 2023 நவம்பரில் 'இன்னும் இரண்டே உருப்படி' வகை அவசரப்படுத்தல் உட்பட 13 தந்திரங்களைப் பெயர் சொல்லித் தடுத்தார்கள். எல்லாம் நல்லதே. ஆனால் இவை எல்லாம் ரிவ்யூ எழுதியவர் மெய்யான ஆளா என்று கேட்கின்றன; அவர் துவைத்துப் பார்த்தாரா என்று கேட்கவில்லை. மெய்யான ஆள் மெய்யாகவே கவரைப் பிரித்த நிமிஷத்தில் எழுதியதை வைத்துக்கொண்டு எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலிலும் உப்புத் தண்ணீரிலும் ஒரு வருஷம் உழைக்க வேண்டிய துணியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கலப்பு எத்தனை சதவீதம், நூல் நம்பர் அல்லது ஜி.எஸ்.எம்., சுருக்கம், சாய உறுதி. இந்த நாலு கட்டம் நிரம்பாத உடையைப் பட்டியலில் ஏற்றக் கூடாது என்று ஒரு வரி விதி போதும். ஐந்தாவதாக, துவைத்தவர் எழுதும் ரிவ்யூவுக்குத் தனி இடம். பெரிய செலவு பிடிக்கும் காரியமும் அல்ல. தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பிருந்தே காலையும் மாலையும் நம் போனைத் தட்டி எழுப்பத் தெரிந்தவர்களுக்கு, வாங்கி முப்பது நாள் கழித்து "சாயம் போச்சா?" என்று ஒரு கேள்வி அனுப்பவா தெரியாது?